நார்வேயின் டிஜிட்டல்ஆர்கிவெட்: அமெரிக்கா சென்ற முன்னோரைத் தேடுவோருக்கான சேவை பற்றி ஒரு மதிப்புரை

நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடுவதற்குப் பல சேவைகள் இருந்தாலும், அவற்றுள் முதலில் திறக்கவேண்டியது டிஜிட்டல்ஆர்கிவெட் என்பதே என் முடிவு. நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் இந்தத் தளம், 1998-இல் பெர்கன் பல்கலைக்கழகத்தின் துணையோடு தொடங்கப்பட்டது. கட்டணம் எதுவும் இல்லை. திருச்சபைப் பதிவேடுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், குடிபெயர்ந்தோர் பட்டியல்கள் ஆகியவற்றின் மூலப் பக்கங்களையே திரையில் படிக்கலாம், படமாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். மினியாபொலிஸில் எங்கள் அண்டைவீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் கொள்ளுத்தாத்தா பிறந்த இடத்தையும், அங்கே இன்னும் உறவினர் எவரேனும் இருக்கிறார்களா என்பதையும் அறிய விரும்பினார். அவருக்கு உதவும் பொருட்டு இதனை நெடுநாள் பயன்படுத்திப் பார்த்தேன். நார்வேஜிய மொழி எனக்கு அகராதியின் துணையோடு படிக்கும் அளவுக்கே தெரியும். அந்த நிலையில் உள்ள ஒருவரின் மதிப்பீடாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

சேவையின் அருமை விளங்க, இந்தக் குடிபெயர்வின் அளவை ஓரளவு அறிந்திருக்கவேண்டும். 1825 ஜூலை 4 அன்று ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து ரெஸ்டாரேஷன் என்னும் சிறிய பாய்மரக் கப்பல் 52 பேருடன் புறப்பட்டது. வழியில் ஒரு குழந்தை பிறந்ததால் 53 பேருடன் அக்டோபர் 9 அன்று நியூயார்க்கை அடைந்தது. அவர்களுக்கு முன்பே சென்று இடம் பார்த்து வைத்தவர் டீஸ்வேர் பகுதியைச் சேர்ந்த கிளெங் பீர்சன். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகளில் 8 லட்சம் பேர் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்றனர். 1801-இல் நார்வேயின் மொத்த மக்கள்தொகையே சுமார் 8.8 லட்சம்தான். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் ஐரோப்பாவில் அயர்லாந்து மட்டுமே நார்வேயை விஞ்சியது. 1862-இல் அமெரிக்க அரசு குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் வழங்கும் சட்டத்தை இயற்றியபின் இந்தப் பெயர்ச்சி பெருகி, 1882-இல் ஒரே ஆண்டில் 28,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா, டகோட்டா மாநிலங்களில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் செறிந்து வாழ்கிறார்கள்.

தேடத் தொடங்கியவுடன் எதிர்ப்படும் முதல் தடை பெயர்தான். இதில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 1923-இல் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டம் வரும்வரை, நார்வேயின் நாட்டுப்புறத்தில் ஒருவரின் பெயர் நம் தாத்தாக்களின் பெயரைப் போலவே அமைந்திருந்தது: ஊர்ப்பெயர், தந்தை பெயர், தன் பெயர் என்ற மூன்றும் உண்டு, வரிசை மட்டும் தலைகீழ். ஊரின் இடத்தில் அங்கே பண்ணையின் பெயர் வரும். ஊலே என்பவரின் மகன் ஊல்சன், மகள் ஊல்ஸ்டாட்டர். திருமணத்துக்குப் பின்னும் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. பண்ணைப் பெயர் முகவரியைக் குறித்ததே அன்றிக் குலத்தைக் குறித்ததன்று. வேறு பண்ணைக்குக் குடிபோனால் பெயரும் மாறிவிடும். அமெரிக்காவில் இறங்கியபின் சிலர் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். சிலர் பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். உடன்பிறந்தவர்களே வெவ்வேறு பெயரைத் தேர்ந்தெடுத்ததும் உண்டு. ஹில்டன் விடுதிகளை நிறுவிய கான்ராட் ஹில்டனின் தந்தை, ஒஸ்லோவுக்கு வடக்கே கிளோஃப்டா அருகிலுள்ள ஹில்டன் என்னும் பண்ணையிலிருந்து வந்தவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த வால்டர் மொண்டேலின் குடும்பப் பெயர், ஃபியார்லாந்தில் உள்ள முண்டால் பண்ணையின் பெயரே. இப்படிப் பண்ணைப் பெயரோடு வருபவருக்கு டிஜிட்டல்ஆர்கிவெட் விரைவில் பலன் தரும். ஊல்சன், ஹான்சன், ஜான்சன் என்று வருபவர்கள், பிறந்த சபையின் (ஊர்த் திருச்சபைப் பிரிவின்) பெயரையாவது அமெரிக்கப் பக்கத்தில் தேடி எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

ஆசிரியையின் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டது ‘பெர்கன்’ என்ற ஒற்றைச் சொல். இப்படிச் சொல்லப்படும் பெர்கனும் கிறிஸ்டியானியாவும் பெரும்பாலும் கப்பல் ஏறிய துறைமுகங்களே. (கிறிஸ்டியானியா 1925-இல் ஒஸ்லோ என்று பெயர் பெற்றது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.) இவருடைய குடும்பத்துக்கு உண்மையான ஊரைச் சொன்னது மினசோட்டாவின் ஒரு நாட்டுப்புற லூத்தரன் சபையின் பழைய பதிவேடு. அந்தச் சபைகளின் போதகர்கள் உறுப்பினர்கள் நார்வேயில் எந்தச் சபையில் பிறந்தார்கள் என்பதைப் பல இடங்களில் குறித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்க அரசின் கணக்கெடுப்போ ‘நார்வே’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே டிஜிட்டல்ஆர்கிவெட்டைத் திறக்கும் முன் அமெரிக்கச் சபைப் பதிவுகள், கல்லறைக் கல்வெட்டுகள், நார்வேஜிய மொழி இதழ்களில் வந்த இரங்கல் குறிப்புகள் ஆகியவற்றைத் தேடிவிடுவது பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும். அயோவாவின் டெகோரா நகரிலிருந்து 1874 முதல் 1972 வரை வெளிவந்த ‘டெகோரா போஸ்டன்’ இதழ் அவ்வகையில் ஒரு சுரங்கம்.

சபையின் பெயர் கிடைத்துவிட்டால், இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதியான திருச்சபைப் பதிவேடுகளுக்குள் நுழையலாம். நார்வேயின் லூத்தரன் திருச்சபை அரசின் கிளையாக இருந்ததால், போதகரே அந்த ஊரின் பிறப்பு இறப்புப் பதிவாளராகவும் செயல்பட்டார். 1736-இல், ஞானஸ்நானம் பெற்றவர்கள் பதின்வயதில் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் சடங்கு சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. 1810-இல் அம்மைத் தடுப்பூசியும் கட்டாயமாயிற்று. இதனால் திடப்படுத்தல் பதிவில் சிறுவனின் வயது, பெற்றோர் பெயர், வசிக்கும் பண்ணை ஆகியவற்றோடு தடுப்பூசி போட்ட விவரமும் சேர்ந்து கிடைக்கிறது. பதினைந்து வயதைக் கடந்து கப்பல் ஏறியவர்களில் ஏறத்தாழ ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வரி எங்கோ இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். 1810-களிலிருந்து அச்சிட்ட கட்டங்கள் கொண்ட பதிவேடுகள் வந்தன. போதகரின் ஏடு ஒன்று, கோயில் பணியாளரின் ஏடு ஒன்று என இரண்டு படிகள் வைக்கப்பட்டன. தீ விபத்தில் இரண்டும் ஒருசேர அழியாதிருக்க, அவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் இரவு தங்கக்கூடாது என்று விதித்திருந்தார்கள். ஒரு படியில் மை மங்கிப் படிக்க முடியாத வரி மற்றொன்றில் தெளிவாக இருப்பதைப் பலமுறை கண்டேன். அந்த விதியை எழுதிய அதிகாரி யாராக இருந்தாலும் அவருக்கு நன்றி.

இந்தப் பக்கங்களைப் படிப்பது எளிதன்று என்பதையும் சொல்லவேண்டும். தளத்தின் முகப்பு ஆங்கிலத்திலும் உண்டு. ஆனால் ஏடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டேனிய எழுத்துமொழியில், பெரும்பகுதி கோதிக் கையெழுத்தில் உள்ளன. இன்னும் பழைய ஏடுகளில் தேதிக்குப் பதிலாகத் திரித்துவ ஞாயிறுக்குப் பின் இத்தனையாவது ஞாயிறு என்பது போன்ற திருச்சபை நாள்காட்டிக் குறிப்பே இருக்கும். அதனை உண்மையான தேதியாக மாற்றிக்கொள்வது நம் வேலை. ஆனால் பதிவுகள் கட்டம் கட்டமாக ஒரே அமைப்பில் வருவதால், ஐம்பது அறுபது சொற்களைப் பழகிக்கொண்டால் போதும். நார்வேஜிய மொழியே அறியாத ஆசிரியை, சில வாரப் பழக்கத்தில் தானே ஞானஸ்நானப் பதிவுகளை இனம்காணத் தொடங்கினார்.

அடுத்தது குடிபெயர்ந்தோர் பட்டியல்கள். கப்பல் முகவர்கள் பயணிகளை ஏமாற்றாமல் கண்காணிக்க, 1860-களின் பிற்பகுதியிலிருந்து துறைமுக நகரங்களின் காவல்துறையினர் புறப்படும் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், தொழில், செல்லுமிடம், கப்பல் ஆகியவற்றைப் பதிந்தார்கள். இவை எழுத்துருவாக்கப்பட்டு, அதாவது கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யப்பட்டு, தேடுவதற்கு உகந்த வடிவில் உள்ளன. ஆனால் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஒரே காலத்திலிருந்து இல்லை. டிரான்ட்ஹைமுக்கு 1867 முதல் கிடைக்கிறது. பெர்கனுக்கு 1874 முதல்தான். முதல் கப்பல் புறப்பட்ட ஸ்டாவாங்கருக்கோ, பழைய ஏடுகள் தீயில் அழிந்துபோனதால், 1903-இலிருந்துதான் இருக்கிறது. ஸ்டாவாங்கரைச் சுற்றியுள்ள ரூகலான்ட் பகுதியிலிருந்து சென்றவர்களைத் தேடுவோர் இதனை முன்கூட்டியே அறிந்திருந்தால் வீணாக மனம் சோரமாட்டார்கள். ‘செல்லுமிடம்’ என்ற கட்டத்தையும் அப்படியே நம்பிவிடக்கூடாது; அது பெரும்பாலும் பயணச்சீட்டு முடியும் ரயில் நிலையம், குடியேறிய இடம் அன்று.

ஆசிரியையின் கொள்ளுத்தாத்தா 1860-களின் இறுதியில் சென்றவர். ஆகவே பெர்கன் பட்டியலில் அவர் இருக்க வழியே இல்லை. அத்தகையோருக்குத் திருச்சபை ஏட்டின் பின்பகுதியில் ‘வெளியேறியோர்’ என்ற தனிப்பகுதி இருக்கிறது. சபையை விட்டுப் போகும்போது போதகரிடம் சான்று பெற்றவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக உள்ளன. அவருடைய சபை இருந்த, மேற்கு நார்வேயின் சோக்ன் பகுதியைச் சேர்ந்த ஏட்டில், ஒரே வசந்தத்தில் பக்கம் பக்கமாக ‘அமெரிக்கா’, ‘அமெரிக்கா’ என்று எழுதிச் சலித்த போதகர், பிறகு மேற்கோள் குறிகளை மட்டும் இட்டுக்கொண்டே போயிருக்கிறார். அந்த வரிசையில் அவருடைய பெயரும் இருந்தது. அவர் நியூயார்க்கில் இறங்கியதற்கான பதிவைப் பலர் ஏற்கெனவே தேடிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். 1849-இல் பிரிட்டன் தன் கப்பல் போக்குவரத்துச் சட்டங்களை நீக்கியபின், நார்வேயின் பாய்மரக் கப்பல்கள் பயணிகளைக் கனடாவின் கியூபெக்கில் இறக்கிவிட்டு, மரம் ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்குத் திரும்புவது வழக்கமாயிற்று. அதனால் 1850-களிலும் 1860-களிலும் சென்ற நார்வேஜியர்களில் பெரும்பாலோர் நியூயார்க்கின் ஏடுகளில் இல்லை. கியூபெக்கின் பயணிகள் பட்டியல்களோ 1865 முதல்தான் எஞ்சியிருக்கின்றன. இத்தகைய வரலாற்றுப் பின்னணியைத் தளம் தேடுபவருக்கு உரிய இடத்தில் எடுத்துச் சொல்வதில்லை என்பது அதன் குறைகளுள் ஒன்று.

கணக்கெடுப்புகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவற்றைப் பயன்படுத்துவதில் சிக்கல் குறைவு. பெயர்வாரியாக 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920 ஆகிய ஆண்டுகளுக்கு உள்ளன. நூறாண்டு மறைகாப்பு முடிந்து 1920-ஆம் ஆண்டுக்குரியது 2020 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. 1865-க்குரியதில் மனிதர்களோடு மாடு, ஆடு, குதிரைகளின் எண்ணிக்கையும் விதைத்த தானியத்தின் அளவும் பதியப்பட்டிருக்கின்றன. இரண்டு ஆடும் ஒரு பசுவும் சிறிது உருளைக்கிழங்கும் என்ற வரியைப் பார்த்தவுடன், அந்தக் குடும்பம் ஏன் கப்பல் ஏறியது என்று வேறெவரும் விளக்கவேண்டிய தேவை எழவில்லை.

தேடல் வசதியைப் பொறுத்தவரை என் பாராட்டு பாதிதான். ஏட்டில் எழுதியிருப்பது எப்படியோ அப்படியே எழுத்துருவாக்குவது இத்தளத்தின் கொள்கை; ஆய்வு நோக்கில் அது சரியானதே. ஆனால் ஒரே மனிதரின் பெயரை ஒரு போதகர் கே எழுத்தாலும் இன்னொருவர் சி எழுத்தாலும் தொடங்கியிருந்தால், இரண்டையும் தேடவேண்டிய பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. நட்சத்திரக் குறியை இட்டுப் பெயரின் முதற்பகுதியை மட்டும் கொடுத்துத் தேடும் வழக்கத்தை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. மேலும், ஞானஸ்நானம், கணக்கெடுப்பு, குடிபெயர்வு ஆகிய மூன்றிலும் ஒரே ஆள் மூன்று தனித்தனி முடிவுகளாகவே வருவார். அவர் ஒருவரே என்று இணைப்பது தேடுபவரின் வேலை. 1801 முதல் 1964 வரையிலான மக்களை இணைக்கும் வரலாற்று மக்கள்தொகைப் பதிவேடு என்ற தனித் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பி வருகிறது. நான் இதனைக் குறையாகச் சொன்னாலும், இப்படி இணைக்காமல் விட்டதே ஒரு வகையில் இத்தளத்தின் நேர்மை என்றும் தோன்றுகிறது.

அவ்வாறு தோன்றுவதற்குக் காரணம் கட்டணச் சேவைகளோடு ஏற்பட்ட அனுபவம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கட்டணத் தளத்தில், பலர் பதிவேற்றிய குடும்ப மரங்கள் ஆசிரியையின் கொள்ளுத்தாத்தாவுக்கு வேறொரு சபையில் பிறந்த அதே பெயருடைய ஒருவரின் பெற்றோரைச் சூட்டியிருந்தன. ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டே போயிருந்தார்கள். எந்த மரத்திலும் மூல ஏட்டின் பக்கம் காட்டப்படவில்லை. டிஜிட்டல்ஆர்கிவெட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிலையான இணைப்பு முகவரி உண்டு. சொல்வதற்கெல்லாம் சான்று காட்டலாம். அதற்காகக் கட்டணச் சேவைகள் பயனற்றவை என்று சொல்லமாட்டேன். நார்வேஜியக் காப்பகம் ஆன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ், இலவசச் சேவையான ஃபேமிலிசர்ச் ஆகியவற்றோடு ஒப்பந்தம் செய்து ஏராளமான ஏடுகளை எழுத்துருவாக்கியிருக்கிறது. அமெரிக்க லூத்தரன் சபைகளின் பதிவேடுகளைத் தேடவும் ஆன்செஸ்ட்ரி உதவும். அமெரிக்கப் பக்கத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்பதே என் பரிந்துரை. மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை, தலைமுறை தலைமுறையாக ஒரே பள்ளத்தாக்குக்குள் மணம் முடித்துவந்த குடும்பங்களில் பொருத்தத்தின் அளவு உறவின் நெருக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும். ஏட்டுச் சான்று இல்லாமல் அந்த எண்ணை மட்டும் நம்பி எவரையும் உறவு கொண்டாடக்கூடாது.

இனி, உயிரோடு இருக்கும் உறவினரைக் கண்டறிவது. இங்கேதான் டிஜிட்டல்ஆர்கிவெட்டின் எல்லை முடிகிறது. அண்மைக் காலத்துத் தனிமனித விவரங்கள் சட்டப்படி மூடப்பட்டவை, அது முறையே. இந்த இடைவெளியைக் கடக்க உதவுபவை பிக்டெபூக் எனப்படும் வட்டார வரலாற்று நூல்கள். பண்ணை வாரியாக, அங்கே வாழ்ந்த தலைமுறைகளையும் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் அவை நிரல்படுத்துகின்றன. ‘அமெரிக்கா சென்றார்’ என்ற குறிப்பு அவற்றில் அடிக்கடி வரும். நார்வேயின் தேசிய நூலகம் இவற்றை மின்வடிவமாக்கியிருக்கிறது. பதிப்புரிமை உள்ளவற்றை வெளிநாட்டிலிருந்து படிக்க விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். அமெரிக்காவில் இருப்போருக்கு, வடக்கு டகோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் பெரிய தொகுப்பு ஒன்று உள்ளது. மாடிசன் நகரில் 1974-இல் கெர்ஹார்ட் நாசெத் நிறுவிய நார்வேஜிய-அமெரிக்க வம்சாவளி மையம் கட்டணம் பெற்றுக்கொண்டு ஆய்வும் செய்து தருகிறது. ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் கூடும் பிக்டெலாக் சங்கங்களும் உள்ளன. முதலாவது வால்ட்ரஸ் பகுதியினர் 1899-இல் மினியாபொலிஸில் கூடியது. அந்தந்த வட்டாரத்தின் பண்ணைகளையும் குடும்பங்களையும் விரல்நுனியில் வைத்திருக்கும் பெரியவர்கள் இச்சங்கங்களில் இருக்கிறார்கள். எந்தத் தேடுபொறியும் அவர்களுக்கு இணையாகாது.

பண்ணையைச் சொந்தமாக வைத்திருந்த குடும்பம் என்றால், உறவினரைக் காண்பது எதிர்பார்ப்பதைவிட எளிது. மூத்த பிள்ளைக்குப் பண்ணையின் மீது முதல் உரிமை தரும் ஓடல் என்னும் பழஞ்சட்டம் இன்றும் நடைமுறையில் இருப்பதால், பல பண்ணைகள் அதே குடும்பத்தின் கையிலேயே உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த பண்ணை எண், உட்பிரிவு எண் முறைதான் இன்றைய நிலப் பதிவுக்கும் அடிப்படை. ஆனால் கப்பல் ஏறியவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்றவர்கள். பண்ணையாரின் நிலத்து ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, வாடகைக்கு ஈடாக உழைத்தவர்கள். அத்தகைய குடிசை மனைகள் பல இன்று காடாகிவிட்டன. ஆசிரியையின் கொள்ளுத்தாத்தா அப்படிப்பட்ட ஒரு மனையில் பிறந்தவர்தான். அங்கே இன்று எவருமில்லை. எனவே அவரை விட்டுவிட்டு, நார்வேயிலேயே தங்கிவிட்ட அவருடைய தங்கையைக் கணக்கெடுப்புகளில் பின்தொடர்ந்தோம். அவர் மணமாகிப் போன பண்ணை வட்டார வரலாற்று நூலில் இருந்தது, அவருடைய வழியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள். சென்றவரைத் தேடுவதை நிறுத்திவிட்டுத் தங்கியவரைத் தேடத் தொடங்குவதே உயிரோடு இருக்கும் உறவினரை அடையும் வழி என்பது என் உறுதியான கருத்து.

அவர்களுக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டியதில்லை. பொதுவான முன்னோர் யார், அவர் பிறந்த ஆண்டு, சபை, ஏட்டுப் பக்கத்தின் இணைப்பு, குடும்பத்தில் இருக்கும் பழைய நிழற்படத்தின் ஒரு படி: இவ்வளவு போதும். ஆங்கிலத்தில் எழுதினாலே பெரும்பாலோருக்குப் புரியும். மூத்தவர்களுக்கு எழுதும்போது நார்வேஜிய மொழியில் சில வரிகள் சேர்ப்பது மரியாதை. நேரில் செல்ல எண்ணுவோர் ஜூலை மாதத்தைத் தவிர்க்கலாம்; அந்நாட்டின் பொது விடுமுறைக் காலமாதலால் காப்பக அலுவலகங்களில் ஆட்கள் குறைவு, பண்ணைக்காரர்களும் மலைக்குடிலுக்குப் போயிருக்கக்கூடும். ஆசிரியை ஆகஸ்டு பிற்பகுதிக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்கிறார். அந்தத் தேதியைப் பண்ணைக் குடும்பத்தார்தாம் குறித்துக் கொடுத்தார்கள்.